தேய்ந்த லாடம்

கழற்றிய நான்கு லாடங்களையும் லாடக்காரர் பாய் திண்ணைக்கல்லின் மேல் வரிசையாக வைத்தார். ஆறு வாரம் உழைத்த இரும்பு. முன்னங்கால் லாடங்கள் இரண்டும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன. வலது பின்னங்காலும் பரவாயில்லை. இடது பின்னங்கால் லாடத்தின் முனை மட்டும், வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவிக் காட்டினார். "இதப் பாருங்க டாக்டர். இவ சண்டி இல்ல. இந்தக் கால இழுத்துக்கிட்டு நடக்கறா."

நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு சவாரிப் பள்ளியின் குதிரை அது. 14 வயதுப் பெட்டை, செம்பழுப்பு நிறம். பல வருடம் பிள்ளைகளைச் சுமந்து, தடை தாண்டிப் பழகியவள். ஆறு மாதமாக இடப்பக்கம் வளைய மறுக்கிறாள், வேகம் கூட்டச் சொன்னால் பின்னங்கால்களைத் தூக்கி உதைக்கிறாள், சேணத்தைக் கண்டாலே காதை மடக்குகிறாள் என்று சொல்லி என்னை வரவழைத்திருந்தார்கள். சாட்டையும் வாய்க்கம்பியும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. நான் அவளைப் பத்து நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றும் படவில்லை. பாய் கையிலிருந்த இரும்புதான் முதலில் பேசியது.

நகர மறுக்கும் குதிரைக்கும் மாட்டுக்கும் நம் ஊரில் சண்டி என்று பெயர். ஒரே சொல்லில் தீர்ப்பு முடிந்துவிடும். குற்றம் விலங்கின் குணத்தில் என்று ஆகிவிட்டால் அதன் காலை யாரும் பார்ப்பதில்லை. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்க வருகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, மார்புச் சுழி என்று விரல் வைத்துத் தேடுவார்கள். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். குதிரைக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று, அதை ஓட்டிக் காட்டச் சொல்கிறவர் அபூர்வம். மயிர் எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதற்கும் கால் எப்படி உழைக்கும் என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சுழி சுத்தமான குதிரைக்கும் மூட்டு தேயும்.

முன்னங்கால் நொண்டினால் தேடலைக் குளம்பில்தான் தொடங்க வேண்டும். பின்னங்காலில் சந்தேகம் சீக்கிரமே மேலே ஏறி, பின்பக்கமாக முழங்கை போலத் துருத்தி நிற்கும் மூட்டில் போய் நிற்கும். மருத்துவர்கள் அதை ஹாக் என்பார்கள். குதிரையின் முழங்கால் பின்பக்கம் மடங்குகிறது என்று நினைப்பவர்கள் பார்ப்பது இதைத்தான். உண்மையில் அது முழங்காலே அல்ல. நம் கணுக்காலும் குதிகாலும்தான் அங்கே இருக்கின்றன. துருத்தி நிற்கும் முனை குதிகால் எலும்பு. குதிரையின் நிஜ முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டித் தோலுக்குள் ஒளிந்திருக்கிறது. உங்கள் குதிகாலைத் தரையிலிருந்து உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி, நடுவிரல் நகத்தின் நுனியில் மட்டும் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். குதிரை வாழ்நாள் முழுவதும் நிற்பது அப்படி.

ஸ்ரீரங்கத்தில் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் கல்குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நிற்கின்றன. எல்லோரும் வீரனையும் வேலையும் பார்ப்பார்கள். அடுத்த முறை போனால் குதிரையின் பின்னங்காலைப் பாருங்கள். உயிருள்ள குதிரை அப்படி எழும்போது தன் எடையையும் சவாரிக்காரர் எடையையும் இரண்டு ஹாக்குகளில் இறக்குகிறது. சாதாரணமாக நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களுக்கும் 40 சதவீதம் பின்னங்கால்களுக்கும் போகும். நிற்பதில் பங்கு குறைவு என்றாலும், உந்தித் தள்ளும் வேலை பெரும்பாலும் பின்னங்காலுடையது. ஓட்டம், தாண்டல், திடீர் நிறுத்தம், மேடேற்றம் எல்லாமே அங்கிருந்துதான் புறப்படுகின்றன.

ஹாக் ஒரே மூட்டு அல்ல. ஆறு சிறு எலும்புகள் அடுக்கிய நான்கு மாடிக் கட்டடம் என்று சொல்லலாம். மடங்கி நீளும் அசைவில் பெரும்பகுதி மேல்மாடியில் நடக்கிறது. கீழ்மாடிகள் இரண்டும் தட்டையான எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்த இடம். அவை மில்லிமீட்டர் கணக்கில் சறுக்கிக் கொடுக்குமே தவிர மடங்குவதில்லை. ஒவ்வொரு அடியிலும் குளம்பு தரையில் படும்போது வரும் அழுத்தத்தையும் முறுக்கையும் அவை தாங்குகின்றன. நடுத்தர வயதுக் குதிரையின் பின்னங்கால் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இந்தக் கீழ்மாடிகளில்தான் தொடங்கும். ஆங்கிலேயக் குதிரைக்காரர்கள் இதற்குப் பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கும் பெயர் ஸ்பாவின். வலிக்கும் காலைக் குதிரை முழுதாகத் தூக்காது. உள்பக்கமாக வளைத்து வீசி, வெளிப்பக்கமாகக் குத்தி ஊன்றும். பாய் காட்டிய லாடத்தின் முனை மெலிந்தது அப்படித்தான்.

லாடம் அடிக்கும் கைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ, கடல்வழியாக ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்களும் லாடக்காரர்களும் இல்லாததால் ஆண்டு முடிவில் மிகச் சிலவே மிஞ்சியதையும் எழுதியிருக்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய குதிரைகள், காலைப் பார்க்க ஆளில்லாமல் மாண்டன. நல்ல லாடக்காரர் ஒரு குதிரையின் நான்கு கால்களையும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மடியில் வைத்துப் பார்க்கிறவர். எந்த மருத்துவருக்கும் அந்த நெருக்கம் வாய்ப்பதில்லை. அவர் சொல்வதைக் கேட்காத மருத்துவர் பாதி நோயைத் தவறவிடுவார்.

அவளை ஓட்டிப் பார்த்தோம். நடையில் மறைவது ஓட்டத்தில் தெரியும். அதுவும் நாலுகால் பாய்ச்சலில் அல்ல, டக், டக் என்று இரண்டே தாளத்தில் விழும் மிதமான ஓட்டத்தில். லாயத்தில் அதை ட்ராட் என்பார்கள். இடது பின்னங்காலும் வலது முன்னங்காலும் ஒரு தாளம், மற்ற இரண்டும் இன்னொரு தாளம். இரண்டு தாளமும் சமமாக இருக்க வேண்டும் என்பதால் சின்னப் பிசகும் தெரிந்துவிடும். பின்னால் நின்றுகொண்டு இரண்டு இடுப்பெலும்பு முனைகளையும் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணிப் பட்டையை முனைக்கொரு துண்டாக ஒட்டிக்கொண்டால் இன்னும் எளிது. வலிக்கும் பக்கத்து முனை மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். அவளுடைய இடது பட்டை படகு போல ஆடியது.

இதில் ஒரு பொறி உண்டு. முன்னங்கால் நொண்டலைத் தலையசைவை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். வலிக்கும் முன்னங்கால் ஊன்றும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தலை இறங்கும். ஆனால் வலி இடது பின்னங்காலில் இருந்தாலும் தலை அசையும். அந்தக் கால் ஊன்றும் கணத்தில் குதிரை எடையை முன்னே தள்ளத் தலையைத் தாழ்த்துகிறது. அதே தாளத்தில் ஊன்றியிருப்பது வலது முன்னங்கால். பார்ப்பவர் கண்ணுக்கு, 'வலதில் தலை இறங்குகிறது, அப்படியானால் இடது முன்னங்காலில் வலி' என்று படும். நோய் பின்னால் இருக்க, மாதக்கணக்கில் முன்னங்குளம்புக்கு வைத்தியம் பார்க்கப்பட்ட குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணை அவ்வளவாக நம்பவும் முடியாது. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமுள்ள மருத்துவர்கள் 131 குதிரைகளைச் சோதித்து எந்தக் கால் நொண்டுகிறது என்று தனித்தனியே சொன்னார்கள். நொண்டல் ஓரளவு கூடுதலாக இருந்த குதிரைகளில் 100க்கு 93 தடவை கருத்து ஒத்துப்போனது. லேசான நொண்டலில் அது 62ஆக இறங்கியது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இது மருத்துவர்களின் திறமைக் குறைவல்ல, மனிதக் கண்ணின் எல்லை. பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழுகின்றனவா என்பதைக்கூடக் கண்ணால் தீர்க்க முடியாமல், 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்துத்தான் தீர்த்தார். இன்று அந்த வசதி எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. குதிரை வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: கெட்டியான சமதரையில், நேர்க்கோட்டில், பின்னாலிருந்து, வேகம் குறைத்து ஓடும் வீடியோ எடுங்கள்.

அடுத்தது மடக்குச் சோதனை. காலைத் தூக்கி மடக்கி ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓட்டிப் பார்ப்பது. வலியுள்ள மூட்டு முதல் சில அடிகளில் கத்திவிடும். அவளுக்கு அப்படித்தான் ஆனது, முதல் ஐந்தாறு அடிகள் அந்தக் காலை ஊன்றவே தயங்கினாள். ஆனால் வலி எந்த மூட்டில் என்று இந்தச் சோதனை சொல்லாது. முழங்காலை மடக்கியபடியே பாதத்தை நீட்டி நம்மால் விரலைக் கூர்மையாக்க முடியும். குதிரையால் முடியாது. அதன் பின்னங்காலில் முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு வலுவான நாண்கள் முழங்காலையும் ஹாக்கையும் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கும், ஒன்று நீண்டால் மற்றதும் நீளும். கால் எங்கேயாவது மாட்டிக்கொண்டு பின்னால் இழுபட்டு முன்புற நாண் அறுந்துபோனால், முழங்கால் மடங்கியிருக்கும்போதே ஹாக் பின்னால் நீளும், குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த நாண் தொய்ந்து சுருங்கும். ஒருமுறை பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள்.

இந்தக் கட்டுமானம் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பதில் தூக்கத்தில் இருக்கிறது. தொடையெலும்பின் கீழ்முனையில் உள்பக்கம் ஒரு மேடு உண்டு. முழங்கால் சில்லையும் அதன் உட்புற நாரையும் குதிரை அந்த மேட்டின்மேல் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். முழங்கால் பூட்டிக்கொண்டால் ஹாக்கும் பூட்டிக்கொள்ளும். பிறகு தசைகள் ஏறக்குறைய ஓய்ந்துவிடலாம், கால் தூணாக நிற்கும். மறு பின்னங்காலை நுனிக்குளம்பில் சாய்த்து வைத்துக் கண்ணயரும். பிறகு கால் மாற்றிக்கொள்ளும். சில சமயம் இந்தக் கொக்கி விடுபடாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. கால் பின்னால் விறைத்து நீண்டு, இழுபட்டு, சட்டென்று உதறி விடுபடும். நம் உழவு மாடுகளுக்கும் இது வரும். கால்நடை மருத்துவர்கள் மாட்டை நிறுத்தியபடியே, மரக்க ஊசி போட்டு, அந்த உட்புற நாரை வெட்டிவிடுவார்கள், மாடு அன்றைக்கே சரியாக நடந்து போகும். குதிரையில் அவ்வளவு சீக்கிரம் கத்தி வைக்கக் கூடாது, வெட்டியபின் சில்லு சிதையும் ஆபத்து இருக்கிறது. முதலில் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான்.

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று பள்ளியில் படித்தது பாதி உண்மை. கண்மணி உருளும் ஆழ்ந்த கனவுத் தூக்கத்தில் உடம்புத் தசைகள் தளர்ந்துவிடும், அதற்குக் குதிரை படுத்தே ஆக வேண்டும். நாளுக்கு அரைமணி நேரமாவது அது தேவை. படுக்க வேண்டுமென்றால் ஹாக்கை முழுதாக மடக்க வேண்டும், எழுவதற்குப் பின்னங்காலால் உந்த வேண்டும். மூட்டு வலிக்கும் குதிரை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் படுக்காமலே இருந்துவிடும். நாட்கள் போகப் போக நின்றபடியே ஆழ்தூக்கத்துக்குள் நழுவி, முன்னங்கால்கள் மடிந்து சரிந்து, திடுக்கிட்டு எழும். முன்னங்காலில் குளம்புக்கு மேலுள்ள கணுவின் முன்பக்கத்தில் ஆறாத சிராய்ப்பு இருந்தால் அதை விழுந்த காயம் என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அவள் கணுக்களில் இரண்டு பழைய தழும்புகள் இருந்தன. லாயத்துப் பெரியவரிடம் இரவில் படுக்கிறாளா என்று கேட்டேன். "இவ ரொம்ப சுத்தம் சார். எந்நேரமும் நின்னுக்கிட்டேதான் இருப்பா. ஒருநாளும் மேலுல அழுக்கு பட்டதில்ல" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தப் பதில் எக்ஸ்ரேயைவிட அதிகம் சொன்னது.

வலி எங்கே என்று உறுதியாகத் தெரிய ஒரே வழி அதை மரத்துப்போகச் செய்வது. கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இடமாக மரக்க மருந்து கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கணு வரை மரத்தும் நொண்டல் போகவில்லை. ஹாக்கின் கடைசி மாடியில் ஊசி போட்டுக் காத்திருந்தோம். மறுபடி ஓடியபோது இரண்டு வெள்ளைப் பட்டைகளும் ஒரே மட்டத்தில் ஏறி இறங்கின. பள்ளியின் பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. அவள் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

எக்ஸ்ரேயை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். படமும் வலியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவதில்லை என்பதால்தான். ஐஸ்லாந்தில் சவாரிக் குதிரைகளிடையே ஸ்பாவின் மிக அதிகம். 600க்கும் மேற்பட்ட குதிரைகளை அங்கே பரிசோதித்தபோது, பத்தில் மூன்றின் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. பத்தில் மூன்று மடக்குச் சோதனையில் நொண்டின. ஆனால் இரண்டும் சேர்ந்திருந்தவை ஆறில் ஒன்றுதான். படத்தில் பாழாகத் தெரியும் மூட்டோடு நிம்மதியாக ஓடும் குதிரையும் இருக்கிறது, படம் சுத்தமாக இருக்க வேதனைப்படும் குதிரையும் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்கால் எக்ஸ்ரேயிலும் இதே கதைதான்.

காரணம் மூட்டின் அமைப்பில் இருக்கிறது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்த நாளமும் கிடையாது, நரம்பும் கிடையாது. தேயும்போது அது சத்தம் போடாது. அடியிலிருக்கும் எலும்பும், மூட்டைச் சுற்றிய உறையும் பாதிக்கப்படும்போதுதான் வலி பிறக்கிறது. ரத்த நாளம் இல்லாத குருத்தெலும்புக்கு உணவு கொடுப்பது மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீர். ஆரோக்கியமான மூட்டிலிருந்து ஒரு சொட்டை ஊசியில் எடுத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து விரலைப் பிரித்தால் அது அறுபடாமல் நீளும். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது கம்பிப் பதம் பார்ப்பார்களே, அதே மாதிரி. அழற்சி வந்த மூட்டின் நீர் தண்ணீராக ஓடிவிடும். பதம் கெட்டுவிட்டது என்று பொருள். அந்தப் பதத்தைக் கொடுக்கும் ஹயலூரோனிக் அமிலத்தை 1934இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1970இல் எண்ட்ரே பலாஷும் சகாக்களும் அதைப் பந்தயக் குதிரைகளின் மூட்டில் செலுத்திப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். இன்று நம் அம்மாக்களின் முழங்காலில் போடப்படும் ஊசிக்கு முன்னோடி அந்தக் குதிரைகள்.

ஹாக்கின் கீழ்மாடித் தேய்மானத்தில் ஒரு விசித்திரம் உண்டு. குருத்தெலும்பு முழுதும் தேய்ந்து, எலும்பும் எலும்பும் சேர்ந்து ஒட்டிப்போனால் வலி நின்றுவிடும். அந்த மாடிகளுக்கு அசைவு பெரிதாக இல்லை என்பதால் இழப்பும் தெரியாது. எனவே இங்கே முடிவு கெட்டதல்ல, போகும் வழிதான் வேதனை. அந்த வழி சில ஆண்டுகள் நீளலாம், பாதியில் நின்றும் போகலாம். மூட்டுக்குள் சாராயச் சத்தைச் செலுத்தியோ, துளையிட்டோ ஒட்டுதலை விரைவுபடுத்தும் முறைகள் இருக்கின்றன. மேல்மாடிக்குள் மருந்து கசிகிறதா என்று சாயம் செலுத்திப் படம் எடுத்து உறுதி செய்யாமல் அதில் இறங்கக் கூடாது. ஏனென்றால் மேல்மாடியோ முழங்காலோ கெட்டால் இந்தச் சலுகை கிடையாது. அவை மடங்கியே ஆக வேண்டிய மூட்டுகள். அங்கே தேய்மானம் முற்றினால் சவாரிக்கு இடமில்லை. வலியில்லாமல் படுத்து எழக்கூட முடியாத நிலை வந்தால், அமைதியாக விடைகொடுப்பதையும் மருத்துவர் உரிமையாளரிடம் பேசத்தான் வேண்டும்.

பழைய நாளில் இதற்குச் சூடு போட்டார்கள். நம் ஊரில் மாட்டுக்குப் போட்டது போலவே ஐரோப்பாவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஹாக்கில் வைத்தார்கள். 1983இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைக் கால் நாண்களில் அதைச் சோதித்து, சூட்டால் குணம் கூடவில்லை என்று காட்டினார்கள். சூடு போட்டபின் மாதக்கணக்கில் கிடைத்த ஓய்வுதான் வைத்தியம் செய்திருந்தது, பெயர் இரும்புக்குப் போனது. தழும்போடு வரும் விலங்குகளை இன்றும் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

மாத்திரைக்கு வருவோம். ஃபீனைல்பியூட்டசோன் 1949இல் மனிதர்களுக்காக வந்தது. ரத்த அணு உற்பத்தியையே நிறுத்திவிடும் ஆபத்து தெரிந்தபின் மனித வைத்தியத்திலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டது. குதிரைகளில் இன்றும் முதன்மையான வலிநிவாரணி அது. அளவு மீறினால் குடலும் வயிறும் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். 1968 கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரை, உடம்பில் இந்த மருந்து இருந்ததால் வெற்றியை இழந்தது. மருந்து கொடுத்து ஓட்டக் கூடாது என்பதற்குப் போட்டி நியாயம் மட்டும் காரணமல்ல. வலி தெரியாத குதிரை கெட்ட மூட்டின்மேல் முழு எடையையும் போடும். வைத்தியமாக மருந்து கொடுக்கலாம், வேலை வாங்குவதற்காகக் கொடுக்கக் கூடாது. என் தொழிலில் நான் விட்டுக்கொடுக்காத கோடு இது.

நம் நாட்டில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து கொடுத்த மாட்டின் உடலைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. 2023இல் கீட்டோபுரொஃபெனும் அசிக்ளோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்து அறிந்திருக்கிறார்கள், குதிரைக்கும் அது உதவும். நீலகிரி அடிவாரத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கின் மேலே இன்னும் பாறுகள் வட்டமிடுகின்றன. ஊட்டியில் சவாரிக் குதிரைக்கு வலி மருந்து எழுதும் கை அந்தப் பறவைகளையும் நினைக்க வேண்டும்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி அழற்சியை வேகமாக அடக்கும். எல்லா ஸ்டீராய்டும் ஒன்றல்ல. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேய்ன் மெக்கில்ரெய்த் குழுவினர் நடத்திய குதிரை ஆய்வுகளில், மெத்தில்பிரெட்னிசலோன் குருத்தெலும்பைக் கெடுத்தது, டிரையாம்சினலோன் அப்படிக் கெடுக்கவில்லை. அவளுக்கு ஒரே ஒரு முறை இரண்டாவதைப் போட்டேன். அதற்குமேல் எல்லாம் அன்றாட வேலை.

அந்த அன்றாட வேலையைத்தான் நான் வைத்தியம் என்பேன். பாய் முனையைக் குறைத்து, லாடத்தின் முன்விளிம்பை உருட்டி, குதிப்பக்கம் சற்று நீட்டி அடித்தார். காலைத் தரையிலிருந்து பிரிக்கும் கணத்தில் ஹாக்குக்கு விழும் இழுப்பு அதனால் குறையும். பள்ளிக்காரர்கள் "முழு ஓய்வு கொடுத்துவிடலாமா" என்று கேட்டார்கள். அன்பாகத் தோன்றும் யோசனை, ஆனால் தவறு. கொட்டடியில் இருபது மணி நேரம் நிற்கும் மூட்டு இறுகிப்போகும், தசை கரையும், குருத்தெலும்புக்கு நீர் போய்வராது. தினமும் திறந்தவெளியில் விட்டோம். சவாரிக்கு முன் இருபது நிமிடம் நேர்க்கோட்டில் நடை. சின்ன வட்டம் கிடையாது, தாண்டல் கிடையாது, ஆழமான மணல் கிடையாது. கொள்ளையும் தானியத்தையும் குறைத்து, புல்லைக் கூட்டி, நான்கு மாதத்தில் உடம்பை இளைக்க வைத்தோம். பாசத்தில் யாராவது ஒரு படி கொள்ளைக் கூடுதலாக வைத்துவிடுவார்கள், அதை நிறுத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன் பொடி வாங்கலாமா என்றும் கேட்டார்கள். குதிரைகளில் அதற்கான சான்று பலவீனம். அந்தப் பணத்தில் தடிமனாக வைக்கோல் பரப்பச் சொன்னேன்.

பயிற்சியாளருக்கு நான் கொடுத்தது ஒரு பட்டியல். சூ டைசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 2018இல் வெளியிட்டது: சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள். காதைப் பின்னால் மடக்கியே வைத்திருத்தல், வாலைச் சுழற்றிச் சுழற்றி வீசுதல், வாயைத் திறந்து திறந்து மூடுதல், வெறித்த பார்வை, பின்குளம்பு தட்டி இடறுதல், போக மறுத்தல். எட்டும் அதற்கு மேலும் இருந்தால் எலும்பு, தசை, மூட்டு வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். முதல் நாள் அவளிடம் நான் 11 எண்ணியிருந்தேன். சண்டித்தனம் என்று சொல்லி அடித்ததெல்லாம் இந்தப் பட்டியலில்தான் இருந்தது. ஆறாவது வாரம் பயிற்சியாளர் தானே எண்ணி ஐந்து என்று சொன்னார். எடை குறைந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, நேர்ப்பாதையில், மிதமான ஓட்டத்தில் இடப்பக்கமும் வளைந்தாள்.

மூன்றாவது மாதம் ஒரு காலை நான் போனபோது லாயத்துப் பெரியவர் முகம் வாடியிருந்தது. இரவில் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது, எப்போதும் சுத்தமாக இருப்பவள் இன்றைக்கு அசிங்கமாக இருக்கிறாள் என்றார். போய்ப் பார்த்தேன். அவள் தொட்டியில் தலையை விட்டுப் புல் தின்றுகொண்டிருந்தாள். இடது விலா முழுக்க வைக்கோல் ஒட்டியிருந்தது. தொடையில் சாணக் கறை. வைக்கோல் மெத்தையில், ஒரு குதிரை உடம்பின் அளவுக்குப் பள்ளம்.